போணிக்கு ஒரு புதுக் கார்

பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் லாரிகளைத் தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. மராத்தி ஊரான போசரியில் இருக்கிறது. தயாரான லாரியை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பது என் பொறுப்பு. அன்று வந்தவர் பூஜை போட்டார், தேங்காய் உடைத்தார், சாவியை மட்டும் வாங்க மாட்டேன் என்றார். முதல் போணி நல்ல வண்டியாக இருக்க வேண்டுமாம். விபத்தில் நசுங்கியதைத் தூக்கினால் காலமெல்லாம் அதுவே வந்து சேருமாம்.

"அதுதானே சார் உங்க தொழிலே?" என்று இந்தியில் கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார்.

கீறல் படாத கார், உள்ளே ஒரு சுமங்கலி, அவரை வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். எங்களிடம் சோதனைக்கு நிற்கும் கார்களோ எல்லாம் நசுங்கியவை. அந்த நேரம் பார்த்து, நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு என் மனைவி கேட்டில் ஹாரன் அடித்தாள்.

நாற்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்று, சொந்தச் சம்பளத்தில் போன வாரம் வாங்கிய கார். எங்காவது இடித்துவிடுவாள் என்று சாங்வியில் எங்கள் கட்டடத்தில் சொல்லாத ஆளில்லை. அன்றுதான் முதன்முறையாகத் தனியாக, கசார்வாடி நெரிசலைத் தாண்டி, ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

விஷயத்தைச் சொன்னேன்.

"நானே ஓட்டிட்டு வந்த காரை இழுத்துட்டுப் போகப் போறீங்களா? எல்லாரும் பாப்பாங்களேங்க!" கண் கலங்கிவிட்டது. வாடிக்கையாளர் 'வஹினி' என்று கும்பிட்டார். மராத்தியில் அண்ணி என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் எப்படி மறுப்பது? தூக்கிய காரில் ஆள் உட்காரக் கூடாது என்று லாரியின் கையேட்டில் எழுதியவன் நான்தான். அந்தக் கையேட்டுக்கும் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

முன்சக்கரங்கள் மேலே தூக்கியிருக்க, வானத்தைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் போட்டாள். லாரிக் கண்ணாடியில் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே என் மேலேயே கோபம் வந்தது.

சாங்வியில் மொத்தக் கட்டடமும் கீழே இறங்கி வந்துவிட்டது. காரை இறக்கியதும் வாடிக்கையாளர் அவள் கையில் பேடா பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினார்.

"மனசு விட்றாதம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார் மாடி வீட்டுத் தமிழ் மாமா. நான் போணியைப் பற்றி விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. சொல்லும்போது எனக்கே நம்பும்படி இல்லை.

அவள் காரில் ஏறி, இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரே தடவையில் பின்பக்கமாக நுழைத்து நிறுத்தினாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

மாமா என் தோளைத் தட்டினார். "பரவாயில்லையே, உங்க கம்பெனில நல்லா ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்காங்க."

அவள் பேடா பெட்டியைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க மாமா. நாளைக்குப் போணிக்கு உங்க காரைக் கேட்டிருக்காங்க."