எடெல்மீரா மாற்றிக் கட்டிய கத்தி

சிலோயே தீவின் தென்கோடிக் குடாவில் முக்குளித்துச் சிப்பி எடுக்கும் படகுகள் நாற்பதுக்கு மேல் உண்டு. அவற்றில் குழாய் பிடிக்கிற பெண் எடெல்மீரா ஒருத்திதான். கீழே இருக்கும் கணவன் எலியோதோரோவுக்கு மூச்சுக்காற்று போகிற ரப்பர் குழாயைப் பதினெட்டு வருடமாக அவள் கைதான் விட்டும் இழுத்தும் வந்தது. அவன் ஒரு முறை சுண்டினால் நலம், இரண்டு முறை சுண்டினால் மேலே வருகிறேன். வீட்டில் வாய் திறக்காத மனிதன் குழாயிலாவது பேசுகிறானே என்று குடாவில் கிண்டல் செய்வார்கள்.

அந்த மார்ச்சில் பக்கத்துக் குடாவில் ஒருவன் செத்துப்போனான். கைவிட்ட சிப்பிப் பண்ணை ஒன்றின் பழைய கயிறு கடலடியில் அவன் காலைச் சுற்றிக்கொண்டது. கரையேற்றியபோது கத்தி அவன் கையிலேயே இருந்தது, கயிறு பாதிதான் அறுந்திருந்தது. எடெல்மீரா அதைப் பார்க்கப் போயிருக்கவே கூடாது. போனாள், பார்த்தாள், அன்றிலிருந்து அவள் வயிற்றில் ஒரு வாய் உருளைக்கிழங்கு தங்கவில்லை.

செத்தவன் வைத்திருந்தது எலியோதோரோ இடுப்பில் கட்டுகிற அதே மாதிரிக் கத்தி. நுனி கழுகு மூக்காக வளைந்த மடக்குக் கத்தி, வாய் வழவழவென்று பல்லில்லாமல் இருக்கும். அவள் நகரத்துக்குப் போய் அதே வளைவில், அதே கறுப்புப் பிடியில், பல் வைத்த கத்தி ஒன்றை வாங்கி வந்தாள்.

எலியோதோரோ படகுத்துறையில் அதை விரித்துப் பார்த்தான்.

"வாயெல்லாம் பல்லா இருக்கே. உங்கம்மா சாயல்."

"எங்கம்மாவுக்கு மொத்தமே ரெண்டு பல்லு. பேசாம அறுத்துப் பாரு, கிழவா."

இழுத்துக் கட்டிய கயிற்றை இரண்டு கத்தியும் அறுத்தன. பிறகு அவள் கயிற்றை நனைத்துத் தொய்வாகத் தொங்கவிட்டாள். பழைய கத்தி மூன்று தடவை வழுக்கியது. புதியது ஒரே இழுப்பில் துண்டாக்கியது.

"பார்த்தியா?"

"பார்த்தேன். அதுக்கென்ன? இது எது பட்டாலும் கடிக்கும். எனக்கு வேணாம்."

"கடிக்கத்தானே வாங்கியாந்தேன். சரி, ரெண்டையும் கட்டிக்க."

"எதை எடுக்கறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள மூச்சு போயிரும், கிழவி. ஒரு ஆளுக்கு ஒரு கத்திதான்."

ஏன் வேண்டாம் என்பதை அதற்கு மேல் அவன் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கீழே அந்தக் கத்தியை அவன் எப்படிப் புழங்குகிறான் என்பதை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. எத்தனை வருடம் குழாயைப் பிடித்தாலும் மேலே இருப்பவளுக்குத் தெரிவது தண்ணீரின் மேல்தோல் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கடல் எண்ணெய் விட்டதுபோல அசையாமல் கிடந்தது. பனிமூட்டத்தில் பறவைச் சத்தம்கூட இல்லை. படகுக்காரர் பெலார்மினோ காற்று இயந்திரத்தை முடுக்கினார். எலியோதோரோ முதுகைக் காட்டி உட்கார்ந்து மாத்தே இலைக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தான். அமிழ்வதற்காக அவன் இடுப்பில் கட்டுகிற ஈய வார் பக்கத்தில் கிடந்தது. எடெல்மீரா அதிலிருந்து பழைய கத்தியை அவிழ்த்துப் பல் கத்தியைக் கட்டினாள். நல்லதுதான் செய்கிறோம் என்று உறுதியாக நம்பினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

அவன் இறங்கி இருபது நிமிடத்தில் ஒரு சுண்டல் வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று குழாய் பக்கவாட்டில் விறைத்து நடுங்கியது.

"பெலார்மினோ, அவன் எதுலயோ மாட்டிக்கிட்டான்."

அவர் பதில் சொல்வதற்குள் படகருகே தண்ணீர் காற்றுக் குமிழாக உலைபோலக் கொதித்தது. அவள் குழாயை இழுத்தாள். கனமே இல்லாமல் வந்தது. இழுக்க இழுக்க வந்து, அறுந்த முனை காற்றைச் சீறிக்கொண்டு அவள் மடியில் விழுந்தது. ரப்பரில் வரிசையாகப் பல் தடம். எடெல்மீராவுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது.

எலியோதோரோ படகுக்கு வெகு தூரத்தில், மூக்கிலும் வாயிலும் ரத்தத்தோடு மேலே வந்தான். நின்று நின்று ஏற வேண்டிய ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்தவன். ஆஸ்பத்திரியின் அழுத்த அறையில் ஆறு நாள் வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை.

ஏழாம் நாள் அவன் தானாகவே பேசினான்.

"அடியில இருட்டு. கையுறைக்குள்ள விரல் மரத்துப்போகும். எது கயிறு, எது குழாய்னு தெரியாது. கத்தி வாயால லேசா வருடிப் பார்ப்பேன். குழாய்னா வழுக்கும், கயிறுன்னா நாரு சிக்கும். அப்புறம்தான் அறுப்பேன். எத்தனை வருசப் பழக்கம், கை தானா வருடிருச்சு."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா இறங்குற அன்னிக்கெல்லாம் செத்துச் செத்துப் பிழைப்பே."

அவளால் தாங்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கத்திய மாத்துனது நான்தான்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"படகுலயே. வாரைக் கட்டும்போதே பார்த்தேன். மார்ச்சுலருந்து நீ சரியாச் சாப்பிடல. இதை நான் கட்டிக்கிட்டாலாவது நீ ஒரு வாய் சாப்பிடுவேன்னு நெனச்சேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எடெல்மீராவால் அங்கே உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும்.