பூசாத சுவர்

பெப்ரவரி ஏழாம் திகதி, பிற்பகல் நான்கே கால். என் கலியாணத்துக்கென்று கட்டும் வீட்டில் மேல்மாடியும் எழுப்ப எங்கள் வயலை விற்கலாமென்று உம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது, மூலையில் கிடந்த நெல்மூடையின் மணம், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட, உம்மாவின் தங்கையான சாச்சியின் மருதமுனை வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனது.

பூசாத செங்கல் சுவரும், அதில் சாய்த்துக் கூரைவரை அடுக்கிய மூடைகளும், அவற்றின்மேல் ஏறியிருந்து நான் பாடம் படித்த மாலைகளும், கீழே சாச்சி சுளகில் அரிசி புடைக்கும் சீரான ஓசையுமாக இருந்தது அந்த வீடு.

"சுவருக்குப் பூச ஏலாமப் போச்சா புள்ள?" என்று பக்கத்து வீட்டு மாமி சீண்டுவார்.

"வயல வித்துப் பூசலாம் மாமி. பொறகு சுவரையா அவிச்சுத் தின்னுற?" என்று சாச்சி சிரிப்பார். மாமி வீடு திரும்பும்போது, சாச்சி அளந்து கொடுத்த ஒரு சுண்டு புத்தரிசி அவர் கையில் இருக்கும்.

உம்மா வயலை விற்கச் சொன்னதற்கு மறுநாள் காலை, வீடு கட்டும் மேசன் வந்ததும், மாடிப்படிக்கென ஒதுக்கியிருந்த இடத்தில் நெல்மூடை அடுக்க ஒரு மேடை கட்டித் தரும்படி கேட்டேன்.