மீனம்மாவின் நீண்ட ஜெபம்

வன்னியில், தர்மபுரத்து உள்வீதியில் இருக்கிற சின்னச் சபையில் மீனம்மா ஜெபிக்க எழும்பினால் மற்றவர்கள் வாயை மூடிவிடுவார்கள். "மீனம்மாக்கா அழுதா கூரைத் தகரமும் அழும்" என்று பெண்கள் பகிடியாகச் சொல்லுவார்கள். பகிடி பாதி, உண்மை பாதி. முள்ளிவாய்க்காலில் ஷெல் குண்டு விழுந்து புருஷன் போனபின், செட்டிகுளம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தவளை எழுப்பிக் கஞ்சி குடிக்க வைத்தவர்கள் சபைக்காரர்தான். அன்றைக்குப் பிடித்த இயேசுவை அவள் பிறகு விடவில்லை. கூலிக்குக் களை பிடுங்கப் போனாலும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

அவளுடைய தகப்பன் ஆண்டியப்பன் மதம் மாறவில்லை. நெற்றி நிறையத் திருநீறோடு கட்டிலில் இருந்தபடி கேட்பார்: "ஒன் சாமிக்குக் காது மந்தமா புள்ள? ஏன் இப்புடிக் கத்துறீங்க?"

"உங்கட பிள்ளையாருக்குக் காது பெரிசு அப்பா. எங்கட ஆளுக்குக் கொஞ்சம் சத்தமாச் சொல்லோணும்."

இருவரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் சாமிகளுக்குள் சண்டை இருந்ததில்லை.

ஆண்டியப்பன் பகிடி விடாத விஷயம் ஒன்றே ஒன்று: வாக்குப் போடுவது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த மனிதர். பிறந்த நாடே நீ எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது. எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லயத்து வீடு எரிய, சின்னப்பிள்ளை மீனம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வன்னிக்கு வந்து காடு வெட்டினார். பிரஜாவுரிமை கைக்கு வரத் தலை நரைத்துவிட்டது. வந்த பிறகும் யுத்தம், வாக்குப் போட வழியில்லை. எல்லாம் முடிந்து முதல் வாக்கைப் போட்டபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. யாருக்குப் போட்டார் என்று மகளுக்கும் சொல்லமாட்டார். போட்டவன் வென்றானா தோற்றானா என்றும் பார்க்கமாட்டார். "நம்மளையும் ஒரு ஆளுன்னு பேரு வாசிச்சுக் கூப்புடுறாங்கல்ல, அது போதும்" என்பார்.

போன பொதுத் தேர்தலுக்கு முந்திய ஞாயிறு தயாபரன் பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார்: "வாக்குப் போடுறது ஆண்டவருக்குப் பதில் சொல்ல வேண்டிய காரியம். போடாமல் விட்டிட்டு நாடு சரியில்லை எண்டு அழக்கூடாது. தேர்தலண்டைக்குக் காலமை உபவாச ஜெபம். மத்தியானத்தோட முடிப்பம். முடிஞ்ச உடன எல்லாரும் போய்ப் போடுங்கோ."

நல்ல மனிதர். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

தேர்தலன்று மழை இருட்டு. பாரிசவாதத்தில் ஒரு கால் இழுத்திருந்த ஆண்டியப்பன், விடியவே சவரம் செய்து வெள்ளை வேட்டி கட்டிக் கதிரையில் இருந்தார்.

"மொதல்ல ஓட்டப் போட்டுட்டு அப்பறம் ஜெபத்துக்குப் போயேன் புள்ள."

"ஆண்டவர் முதல் அப்பா. மத்தியானம் ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வாறன். வாக்குப் போட நாலு மணி வரைக்கும் நேரம் கிடக்கு."

"சரி, ஒன் ஆண்டவரு பாத்துக்குவாரு" என்றார். கிண்டல் இல்லை. நம்பித்தான் சொன்னார்.

ஜெபம் சொன்னபடி மத்தியானம் முடிந்தது. சனம் கலைந்தது. மீனம்மாவும் செருப்பைப் போட்டுவிட்டாள். அப்போதுதான் ராஜினி வந்து கையைப் பிடித்தாள். கடைசிச் சண்டையில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு, இன்றுவரை தேடுகிற தாய்.

"அக்கா, என்ர பிள்ளைக்காக ஒருக்கா ஜெபிச்சிட்டுப் போங்கோ. எத்தினை பேருக்கு வாக்குப் போட்டிட்டன். ஒருத்தரும் அவனைக் கொண்டுவந்து தரேல்லை."

அதைக் கேட்டபின் எப்படிப் போவது? மீனம்மா முழங்காலில் இருந்தாள். ராஜினியின் மகனுக்கு என்றுதான் தொடங்கினாள். பிறகு ஜெபத்துக்குள் புருஷன் வந்தான், முகாமில் செத்த குழந்தைகள் வந்தார்கள், நாடு முழுக்க வந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மழை தகரத்தில் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தால் மூன்றரை.

ஓடினாள். சந்தியில் ஒரு ஓட்டோவும் இல்லை. எல்லாவற்றையும் சனம் ஏற்றக் கட்சிக்காரர் பிடித்துவிட்டார்கள். கடைசியில் வாய்க்கால் கரையில் வந்த ஓட்டோக்காரன் ஒருத்தனை மறித்து, அழாக்குறையாய்க் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தகப்பன் அதே கதிரையில் அதே இருப்பு. அணைத்துத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினாள். போகிற வழியில் ஓட்டோ சேற்றில் புதைந்தது. இறங்கித் தள்ளினாள். வாக்கெடுப்பு நடந்த பள்ளிக்கூடத்தடிக்குப் போய்ச் சேர, கேற்றைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, இந்தக் கிழவனை மட்டும் விடுங்கோ. எனக்கு வேண்டாம், அவரை மட்டும்."

"டைம் முடிஞ்சது அம்மா. நமக்கு ஒண்ணும் செய்ய ஏலாது" என்றான் பொலிஸ்காரன். கெட்டவன் இல்லை. ஓட்டோவுக்குள் தெரிந்த வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மீனம்மா கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி மழையில் நின்றாள். ஆண்டியப்பன் ஓட்டோவுக்குள் இருந்து கூப்பிட்டார்.

"வா புள்ள, நனையாத. அவங்களக் கெஞ்சாத. நமக்குப் பழக்கந்தானே."

அடித்திருந்தாலும் ஆறியிருப்பாள். நாடு அவருக்குச் செய்ததைப் பெற்ற மகளும் செய்துவிட்டாள் என்பது அந்தச் சொல்லில்தான் அவளுக்கு உறைத்தது.

மாசியில் காய்ச்சலென்று படுத்தவர் எழும்பவில்லை. வவுனியாவிலிருந்து மீனம்மாவின் தம்பி சிவராசா வந்து கொள்ளி வைத்தான். சபைச் சனமும் வந்து நின்றது. ராஜினி வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவளைப் பார்க்க மீனம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது. யாரையாவது குற்றம் சொல்லியிருக்கலாம்.

வைகாசியில் பிரதேச சபைத் தேர்தல். அன்றைக்கும் சபையில் காலை ஜெபம். மீனம்மா விடியவே போய் முதல் ஆளாக வாக்கைப் போட்டுவிட்டுத்தான் சபைக்கு வந்தாள். பாஸ்டர் வழமைபோலக் கேட்டார்: "மீனம்மாக்கா, நீங்கள் ஜெபியுங்கோ."

எழும்பினாள். பாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"பாஸ்டர், செத்த ஆளுக்காக ஜெபிக்கலாமோ?"

"நாங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை அக்கா. அது ஆண்டவரின்ர கையில."

"அப்பாவுக்காக இல்லை பாஸ்டர். அவரிட்ட ஒண்டு சொல்லவேணும். ஆண்டவர் கொண்டுபோய்ச் சொல்லுவாரோ?"

தயாபரன் பைபிளைப் புரட்டுவதுபோலக் குனிந்தார்.

மீனம்மா முழங்காலில் இருந்தாள். உதடுகூட அசையவில்லை. சபை காத்திருந்தது. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, வாக்குப் போட ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.