கஃபீலின் கேரவனும் கறுப்பு ஒயரும்

எங்கள் அம்மா கல்யாணச் சீரோடு ஒரு மல்டிமீட்டரையும் கொண்டுவந்தவள். மற்ற வீடுகளில் பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவைக்கு அடியில் நகைப்பெட்டி இருக்கும். எங்கள் வீட்டில் மஞ்சள் நிறத்தில் கரன்ட் அளக்கிற அந்த மீட்டர் இருக்கும். கோயமுத்தூரில் ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனியில் கல்யாணம் வரைக்கும் வேலை பார்த்தவள் அவள். அபுதாபிப் பக்கம் ருவைசுக்கு வந்தபிறகு மீட்டரும் சும்மா கிடந்தது. அப்பாவுக்கு ரிஃபைனரியில் கெமிக்கல் பக்கம் வேலை. வீட்டில் பல்பு ஃப்யூஸ் போனால்கூட மெயின்டனன்சுக்குப் போன் போடுகிற ஆள்.

சவுதியில் தம்மாமிலிருந்து பெரியப்பா ஒரு கேரவனை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்திய அன்று, காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். சினிமாக்காரர்கள் உட்காருகிற மாதிரி வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் இருந்தது. நான்தான் டிக்கெட் கிழிக்காத குறையாக வாசலில் நின்று ஆள் அனுப்பினேன்.

வண்டி பெரியப்பாவுடையது அல்ல, அவருக்கு விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலுடையது. பெரியப்பா என்றால் அம்மாவின் அக்கா கணவர். தம்மாமில் அந்தக் கஃபீலின் லாரி கம்பெனியில்தான் கணக்கு பார்த்தார். அவருடைய விசா, லீவு, ஊருக்குப் போய்வரும் அனுமதி எல்லாமே கஃபீலின் கையில். அந்த மாதக் கடைசியில் பெரியப்பா மகளுக்கு, என் அக்காவுக்கு, ஊரில் கல்யாணம். பெரியம்மாவும் அக்காவும் முன்னாடியே போய்விட்டார்கள். பெரியப்பாவுக்குத்தான் லீவு இன்னும் கிடைத்தபாடில்லை. கஃபீல் குடும்பத்தோடு லிவா பாலைவனத்தில் முகாம் போட வருகிறார், வெள்ளிக்கிழமைக்குள் வண்டியை அங்கே தயாராக நிறுத்தினால் லீவுக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். கஃபீல் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வண்டி மேல் ஒரு கீறல் விழுந்தாலும் பொறுக்கமாட்டார்.

வழியில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கல். பேட்டரி சார்ஜ் ஏறட்டும் என்று பெரியப்பா வண்டியின் ஒயரை இழுத்து எங்கள் வீட்டு ப்ளக்கில் மாட்டிவிட்டுச் சாப்பிட வந்தார். காலையில் பார்த்தால் வண்டிக்குள் விளக்கெல்லாம் மங்கி அழுது வடிந்தது. குழாயைத் திறந்தால் பம்ப் முனகியது, தண்ணீர் வரவில்லை.

பெரியப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு. என்ற புள்ள கல்யாணத்துக்கு நான் போன மாதிரிதான்" என்றார். பெரியவர்கள் அழுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா அவர் தோளைத் தட்டி, "விடுங்க சகலை, கஃபீலுக்குப் போன் போட்டு வண்டி தானாக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரலாம்" என்று தமக்குத் தெரிந்த ரிப்பேரைச் சொன்னார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, பீரோவைத் திறந்தாள்.

"மாமா, நேத்து எந்த ப்ளக்குல மாட்டுனீங்க?"

"வீட்டு ப்ளக்குலதான். தம்மாம்ல எப்பவும் அப்படித்தானே மாட்டுவேன்."

"அய்யோ மாமா! உங்க தம்மாம் வீட்டுல நூத்திப்பத்தும் இருக்குது, எரநூத்தி இருவதும் இருக்குது. இங்க எல்லாமே எரநூத்தி இருவதுக்கு மேல. இது அமெரிக்கா வண்டிங்க, நூத்திப்பத்துதான் தாங்கும்!"

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு வித மின்சாரமும் ஒரே வீட்டில் ஓடுகிற ஊரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, ப்ளக் நுழைந்தால் சரி என்ற பழக்கம். நல்லவேளை, ஏசி, ஃப்ரிட்ஜ் எதையும் போட்டிருக்கவில்லை.

அம்மா முதலில் வீட்டு ஒயரைப் பிடுங்கச் சொன்னாள். பேட்டரியை மீட்டரால் தொட்டுப் பார்த்தாள். இறங்கியிருக்கிறது, சாகவில்லை. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு தகரப் பெட்டியை வெளியே எடுத்தாள். வெளிக் கரன்ட்டைப் பேட்டரிக் கரன்ட்டாக மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் அதுதான். மூடியைத் திறந்ததும் கருகின நாற்றம். உள்ளே ஒரு கெபாசிட்டர் பூரி மாதிரி உப்பி வெடித்திருந்தது.

"இத நோண்டிட்டு இருக்க நேரமில்ல. வேற பெட்டிதான் போடோணும். முசஃபாவுக்கு இப்பவே கிளம்புங்க."

அப்பா லீவு சொல்லிவிட்டுப் பெரியப்பாவோடு காரில் பறந்தார். முசஃபாவில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் ஏறி இறங்கி, மத்தியானம் போன் வந்தது. பெட்டி இருக்கிறதாம், ஆனால் எரநூத்தி இருபதில் மட்டும் ஓடுவதாம். இங்கே வேலை செய்தால் போதாதா என்று அப்பா கேட்டார்.

"பாலைவனத்துல யாருங்க ப்ளக் வச்சிருக்காங்க? அங்க வண்டியோட சொந்த ஜெனரேட்டர்தான். அது நூத்திப்பத்து. போனைக் கடைக்காரர்கிட்டக் குடுங்க" என்றாள் அம்மா.

அம்மாவின் இந்தி எங்கள் காலனியில் பிரசித்தம். அன்றைக்கு அவள் கூச்சப்படவே இல்லை. "பாய், ஒன் டென் பீ சாஹியே, டூ ட்வென்டி பீ சாஹியே. தோனோ! ஏக் டப்பா மே!" என்று, இரண்டு கரன்ட்டிலும் ஓடுகிற ஒரே பெட்டி கேட்டு, போட்டாள் ஒரு போடு. அந்தப் பக்கம், "அச்சா, அச்சா, தோனோவாலா" என்று குரல் வந்தது. உள்ளே எங்கேயோ கிடந்திருக்கிறது அந்தப் பெட்டி. சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தது.

மாட்டும்போதுதான் அப்பா தம் பங்குக்கு ஒயரைக் கையில் எடுத்தார். வண்டியிலிருந்து வந்தது ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. "கறுப்புன்னா நெகட்டிவ். இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார். சின்னப் பிள்ளையான நானும் பலமாகத் தலையாட்டினேன்.

"கொஞ்சம் கையை எடுங்க" என்றாள் அம்மா. ஒயர்களின் மறுமுனை பேட்டரியில் எங்கே போகிறது என்று தடவிக்கொண்டே போய்ப் பார்த்தாள். மீட்டரையும் வைத்துப் பார்த்தாள். கறுப்புதான் பாசிட்டிவ்! அமெரிக்காக்காரன் வண்டியில் அப்படித்தானாம். மாற்றிக் கொடுத்திருந்தால் புதுப் பெட்டியும் புகைந்திருக்கும். அம்மா நெற்றியிலிருந்த சிவப்பு ஒட்டுப்பொட்டை எடுத்துக் கறுப்பு ஒயரில் ஒட்டினாள். அப்பா சத்தம் காட்டாமல் டீ போடப் போய்விட்டார்.

திருகாணியெல்லாம் முறுக்கி முடித்து, எங்கள் வீட்டுக் கரன்ட்டைக் கொடுத்தார்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்புறம் அதைப் பிடுங்கிவிட்டு வண்டியின் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அப்போதும் எரிந்தது. குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. வெளியே ஓடிப்போய் நின்றிருந்த பிள்ளைகளிடம், "எங்கம்மா! எங்கம்மாதான் செஞ்சாங்க!" என்று கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் கத்தத்தான் தோன்றுகிறது.

"கஃபீல்கிட்ட மறைக்காதீங்க மாமா. எரிஞ்சது, மாத்தினோம்னு நேராச் சொல்லிருங்க" என்று சொல்லி அனுப்பினாள் அம்மா. பெரியப்பா அரை மனசாக வண்டியைக் கிளப்பினார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். பெரியப்பா சிரித்துக்கொண்டே பேசினார். லீவு கிடைத்துவிட்டது!

"பெட்டியத் தொறந்து பார்த்தாரு. யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. என் கொழுந்தியான்னேன். மாஷா அல்லா, அவங்க பெரிய முஹந்திஸ்ன்னுட்டாரு. இஞ்சினியராம்மா நீ!"

அம்மா போனருகே குனிந்தாள். "என்ன மாமா சொன்னாரு? சரியாக் கேக்கல."

பெரியப்பா திரும்பச் சொன்னார்.

"என்னன்னு சொன்னாரு?"

அவர் மறுபடியும் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. அடுப்படி வரைக்கும் கணீரென்று கேட்கிறது, பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்கவில்லையா? அப்பாவின் சட்டையை இழுத்து, "அம்மாவைக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்ப்பா" என்றேன்.

அப்பா போனை எடுத்து அம்மா காதருகே பிடித்து, "சகலை, இன்னொருக்காச் சொல்லுங்க, இங்க யாருக்குமே சரியாக் கேக்கல" என்றார். அப்பாவுக்கும் காது போய்விட்டதே என்று எனக்குப் பெரும் கவலையாகிவிட்டது.