கும்பிடும் பொம்மையிடம் நான் படித்தது

ரங்கூனில் கியாக்டடாப் பகுதியில் ஒரு ஜவுளிக் கடையில் நான் விற்பனைக்காரனாக இருந்தேன். அப்போது எங்கள் முதலாளி ஒரு பொம்மை வாங்கி வந்தார். ஒரு வெள்ளைக்காரர் கடையை மூடியபோது ஏலத்தில் எடுத்தது. ஆள் உயரம் இருக்கும். உள்ளே கடிகாரத்தில் இருப்பதுபோலப் பல்சக்கரங்கள். முதலாளி அதன் கோட்டைக் கழற்றி வேட்டி கட்டிவிட்டு, தலைப்பாகை வைத்து, கதவிலிருந்து அதன் முதுகுக்கு ஒரு கம்பியும் இழுத்துவிட்டார். யார் கதவைத் திறந்தாலும் அது குனிந்து இரண்டு கையையும் கூப்பும். பிறகு சிரித்த முகத்தோடு நிமிரும்.

வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது. பர்மியப் பெண்கள் அதற்கு அண்ணன் முறை வைத்து 'கோ ஜீ' என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி அதன் காதில் பூவைச் செருகிவிட்டு, கோ ஜீக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று என்னைக் கேட்டாள். கூட நின்ற விற்பனைக்காரர் முந்திக்கொண்டு, "இந்த அண்ணனுக்கே ஆகலை, அதுக்கு எங்கே ஆகப்போவுது?" என்றார். கடையே சிரித்தது.

எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. துணியைத் தொட்டுத் தரம் சொல்லிவிடுவேன். ஆனால் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் முதலாளி அதைப் பொறுத்துக்கொண்டார். பொம்மை வந்த பிறகு பொறுக்கவில்லை.

"அது சோறு திங்காம சிரிக்குதுப்பா. நீ ரெண்டு வேளை தின்னுட்டு எழவு வீட்டுக்காரன் மாதிரி நிக்கிறே. இனிமே பொட்டலம் கொடுக்கையில, 'சந்தோஷம், அடிக்கடி வாங்க'ன்னு ஒருத்தர் விடாம சொல்லணும். ஒரு மாசம் பார்ப்பேன். இல்லேன்னா கிட்டங்கிக்குப் போயிடு."

கிட்டங்கி என்றால் துணி மூட்டைகள் அடுக்கும் இடம். எந்நேரமும் தூசி. எனக்கு இளைப்பு நோய் உண்டு. அங்கே போனால் ஆறு மாதம் தாங்குவேனா என்பது சந்தேகம்தான்.

அதனால் பொம்மையைக் கவனித்தேன். அது யாரையும் பார்ப்பதில்லை. கதவு திறந்தால் கும்பிடு, அவ்வளவுதான். நானும் பொட்டலத்தின் முடிச்சையே பார்த்துக்கொண்டு, நூல் அறுந்ததும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பழகினேன். ஆச்சரியம், கூச்சமே தெரியவில்லை. நான் அங்கே இல்லாதது போலவும் வாய் மட்டும் கடையில் நிற்பது போலவும் இருந்தது. இரண்டு வாரம் போனதும் முதலாளி என் முதுகில் தட்டி, "இப்பத்தான் ஆள் மாதிரி இருக்கே" என்றார்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் ஒருவர் வந்தார். ஒரு புடவை வேண்டும் என்றார். விரித்துக் காட்டப் போனேன். "விரிக்க வேண்டாம், கட்டுங்க" என்றார். கரையைப் பார்க்கவில்லை, விலையும் பேசவில்லை. புடவையை விரிக்காமல் வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்பது ஜவுளிக் கடையில் நிற்கும் எவருக்கும் தெரியும். பிணத்துக்குப் போடும் கோடி அது. கோடிக்கு வந்தவரிடம் 'வா' என்றும் சொல்ல மாட்டோம், 'போய் வா' என்றும் சொல்ல மாட்டோம். பேசாமல் கொடுத்தனுப்புவோம்.

எனக்கும் தெரிந்தது. ஆனாலும் முடிச்சுப் போட்டேன், நூல் அறுந்தது, "சந்தோஷம், அடிக்கடி வாங்க" என்றேன்.

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "இன்னொரு தடவை வர்றதுக்கு வீட்ல ஆள் இல்லீங்க. பொண்டாட்டி ஒருத்திதான் இருந்தா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். பொம்மை குனிந்து அவரைக் கும்பிட்டது. அவர் அதைப் பார்த்தார், திரும்பி என்னையும் பார்த்தார். இரண்டு பார்வையும் ஒன்றாகவே இருந்தது.

பொம்மைக்கு உயிர் இல்லை, அதுதான் வித்தியாசம் என்று பெரியவர்கள் சொல்லலாம். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன், உயிரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அன்று பொம்மை செய்ததும் நான் செய்ததும் ஒரே காரியம். அது செய்தது தப்பு ஆகாது. நான் செய்தது தப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

துணி அளக்கும் கஜக்கோலைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். டிராம் பாதை ஓரத்தில் அவரைப் பிடித்தேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"தெரிஞ்சே சொல்லிட்டேங்க. தப்பு" என்றேன்.

"விடுங்க. நீங்க எல்லாருக்கும் சொல்றதுதானே."

"உங்களுக்குச் சொல்லக் கூடாது."

அவர் பொட்டலத்தை மாற்றிப் பிடித்தார். "பொறந்த வீட்டுக் கோடி, கூடப் பொறந்தவன் போடணும். அவளுக்கு இந்த ஊர்ல யாரும் இல்லே. நானே வாங்கி நானே போடுறேன். இதுல நீங்க சொன்னது என்ன பெரிசு?"

"நான் போடட்டுமா?" என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

அவர் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

லத்தாப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அவர் அறை. பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து புடவையைப் பிரித்து அந்த அம்மாளின் மேல் போர்த்தினேன். ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பக்கத்திலிருந்த பெண் சரிசெய்தாள். யார் இவர் என்று அவள் கேட்க, "பொறந்த வீட்டு ஆளு" என்றார் அவர்.

மறுநாள் காலை கடை வாசலில் முதலாளி என்னை நிறுத்தினார்.

"நடுக் கடையில போட்டுட்டு எங்கப்பா ஓடினே?"

"சாவுக்குப் போனேன் முதலாளி. தங்கச்சிக்குக் கோடி போட்டேன்."

"உனக்குத் தங்கச்சி ஏது?"

"நேத்துலேருந்து."

நடந்ததைச் சொன்னேன். முடிச்சைப் பார்த்துக்கொண்டு சொன்ன வார்த்தையையும் மறைக்கவில்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கிட்டங்கிதான் என்று நினைத்தேன். அவர் தாடையைத் தடவினார்.

"கோடி போட்டா தீட்டுதானே? அதோட கடைக்குள்ள வராதே. மூணு நாள் கழிச்சு வந்து பழைய இடத்துலயே நில்லு. அந்த ரெண்டு வார்த்தையை இனி ஆளைப் பார்த்துச் சொல்லு."

வாயால் சொன்ன அண்ணன் முறை பொய்யாகிவிடக் கூடாதே என்று அந்த மூன்று நாளும் தீட்டுக் காத்தேன். மூன்றாம் நாள் பால் தெளிப்பு. சுடுகாட்டு வாசலில் தயங்கி நின்றேன். உள்ளே பால் செம்போடு இருந்த துறைமுகத்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் திரும்பி, "மச்சான் வந்துட்டாரு, ஆரம்பிங்க" என்றார்.