ஐம்பத்தெட்டு வயதுக்கு வாங்கிய கிரீம்

என் மகள் பெங்களூரிலிருந்து வரும்போது கை வீசிக்கொண்டு வரமாட்டாள். ஒருமுறை எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற அடுப்பு, ஒருமுறை நடக்கும் அடிகளை எண்ணுகிற கைக்கடிகாரம். போன கார்த்திகையில் வந்தபோது விரல் நீளத்துக்கு ஒரு டியூபை என் கையில் வைத்தாள். ரெட்டினால் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், முதிர்ந்த சருமத்துக்கு என்று. முதிர்ந்தது என்றதும் எனக்கு வெண்டைக்காய்தான் ஞாபகம் வந்தது. வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்த்துவிடலாம். முகத்தில் எதை ஒடிப்பது?

"தையில அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நீதானம்மா பொண்ணு. போட்டோவுல பளிச்சுன்னு இருக்க வேணாமா?" என்றாள். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு அம்பத்தெட்டுதான? அப்ப இதுதான் சரி. வயசு பார்த்துத்தான் வாங்குனன்" என்றாள்.

"ஆமா, அம்பத்தெட்டு" என்றேன்.

பொய். எனக்கு அறுபத்தொன்று முடிந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு நான் ஒரு வயது மூத்தவள். இது அவருக்குத் தெரியாது, தெரியவே கூடாது என்றுதான் முப்பத்தாறு வருடமாக வாழ்ந்துகொண்டிருந்தேன்.

பொய் ஒன்றும் திட்டம் போட்டுத் தொடங்கியதில்லை. எட்டு வயது வரைக்கும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பிறகு போய்ச் சேர்ந்தபோது வாத்தியார் மற்ற பிள்ளைகளுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் ஐந்து வயது என்று எழுதிக்கொண்டார். ஒன்றாம் வகுப்பில் பனைமரம் மாதிரி நான் மட்டும் நின்றிருந்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோது என் அம்மா அந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டாள். பையன் விசுவாவசு வருடம், நான் அதற்கு முந்தின குரோதி. பெண் மூத்தவள் என்றால் மாப்பிள்ளையின் அப்பா அம்மா எழுந்து போய்விடுவார்கள். ஆகவே ஜாதகத்தில் நட்சத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வருடத்தை மட்டும் பிலவங்க என்று மாற்றி எழுதி வாங்கினாள். கிரகங்கள் எல்லாம் எனக்காக மூன்று வருடம் தள்ளி உட்கார்ந்தன.

கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்றைக்குத்தான் எனக்கே சொன்னாள். "உனக்குக் குரோதி வருசம் கண்ணு. மாப்பளைக்குத் தெரிஞ்சா வாழ்க்க போயிடும். சாவுற வரைக்கும் ஒன் வாயில இருந்து வரக் கூடாது." அம்மா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர்தான் இன்னொரு மகனைப் போல நின்று எல்லாம் செய்தார். அத்தை மாதிரி மனுசி கிடையாது என்று இன்றைக்கும் சொல்வார். அந்த மனுசியை அவர் ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். எனக்கு என்ன பெயர் வந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு வரக் கூடாது.

நான் நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் டீச்சர். வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த தேதி, எடை, உயரம் எல்லாவற்றையும் போனில் ஏற்ற வேண்டும். பிறந்த தேதியை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டால் வளர்ச்சிக் கோடு எங்கேயோ போய்விடும் என்று தாய்மார்களைத் திட்டுவேன். திட்டிவிட்டு என் ஆதார் அட்டையை நினைத்துக்கொள்வேன்.

மகள் ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாடம் எடுத்தாள். "ராத்திரி மட்டுந்தாம்மா. மொதல்ல வாரத்துக்கு ரெண்டே நாள். மூஞ்ச கழுவி நல்லா காய விட்டுட்டு, பட்டாணி அளவு எடுத்துத் தடவு. கண்ணுகிட்ட, மூக்கு ஓரத்துல வேணாம். அதுக்கு மேல மாய்ஸ்சரைசர். காலைல சன்ஸ்கிரீன் போடாம வெளிய போவாத. மொதல்ல கொஞ்சம் எரியும், பயப்படாத."

அவள் பேருந்து ஏறிய பிறகுதான் சந்தேகங்கள் வரிசையாக வந்தன. பட்டாணி என்றால் பச்சைப் பட்டாணியா, காய்ந்த பட்டாணியா, ஊறவைத்ததா? முகம் முழுக்க ஒன்றா, கன்னத்துக்கு ஒன்றா? கழுத்து முகத்தில் சேர்த்தியா இல்லையா? கொஞ்சம் எரியும் என்றால் எவ்வளவு எரிந்தால் பயப்பட வேண்டும்? போனில் கேட்கலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாப்பாவா, ஸ்பீக்கர்ல போடு" என்பார். இளமைக்கு வழி கேட்பதை ஸ்பீக்கரில் எப்படிப் போடுவது?

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் வேறு. மகள் ஐம்பத்தெட்டுக்குப் பார்த்து வாங்கியிருக்கிறாள். தடவப் போவதோ அறுபத்தொன்றின் மேல். மூன்று வருடச் சுருக்கம் கணக்கில் வராமல் விட்டுப்போயிருக்கிறது. குழந்தைக்கு வயது கூடினால் சத்துமாவு கூட்டிக் கொடுப்பதில்லையா? அதே மாதிரி நானும் கூட்டினேன். வாரம் இரண்டு நாள் என்பதைத் தினமும் ஆக்கினேன். நெற்றிக்கு ஒரு பட்டாணி, கன்னங்களுக்கு ஆளுக்கொன்று, தாடைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. கல்யாணத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. காலையில் வழக்கம்போல் கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் குளித்தேன். நல்லதோடு நல்லது சேர்ந்தால் கெட்டதா ஆகும் என்று நினைத்தேன். சன்ஸ்கிரீன் போட்டால் முகம் சாம்பல் பூசிய மாதிரி இருந்ததால் அதை இரண்டாம் நாளே ஓரம் கட்டிவிட்டேன்.

நான்காம் நாள் எரிந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஏழாம் நாள் வாய் ஓரம் வெடித்தது. பனிக்காலம்தானே என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தால், கன்னம் இரண்டும் சிவந்து தோல் செதில் செதிலாகக் கிளம்பி நிற்கிறது. இளமை வருவதற்கு முன்னால் இப்படித்தான் வருமா, இல்லை எல்லாம் கெட்டுப்போய்விட்டதா என்று புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்றபோது அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அங்கன்வாடி மையத்துக்குப் போனேன். எனக்கு உதவியாக இருக்கும் அம்மாள் என்னைப் பார்த்ததும் சத்துமாவுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், அம்மாங்களா?"

அம்மை என்று சொல்லமாட்டாள், மரியாதை. இல்லை என்று நான் சொல்வதற்குள் ஓடிப்போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகினாள். பிள்ளையை விடவந்த ஒரு தாய் வேப்பிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிள்ளையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். பதினொரு மணிக்கு மையத்தில் குழந்தைகளே இல்லை. அம்மை இல்லை, அழகுக்குப் போட்ட கிரீம் என்று சொல்லியிருக்கலாம். இந்த வயதில் டீச்சருக்கு எதுக்கு அழகு என்று ஊர் சிரிக்கும். அம்மைதான் என்று விட்டுவிட்டால் மாரியம்மனை வைத்துப் பொய் சொன்ன பாவம். இரண்டில் எது சின்ன அவமானம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே எடை மெஷினைத் துடைத்தேன்.

சேதி என் வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. சாமந்தித் தோட்டத்திலிருந்து மண் காலோடு வண்டியில் வந்தார். கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இது அம்மையாட்டம் தெரிலயே. என்னாமே தடவுன?"

"பாப்பா குடுத்த கிரீமுங்க."

"ஏறு வண்டில."

தர்மபுரியில் தோல் டாக்டர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நான் கொண்டுபோன டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சீட்டை எடுத்தார். பெயர் எழுதினார்.

"வயசு எவ்வளவுங்க?"

ஐம்பத்தெட்டு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் நின்றிருந்தவர், தோட்டத்தில் எத்தனை பாத்தி என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னார்.

"அறுபத்தொண்ணுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் தூரத்தில் கேட்டது. வயது ஏற ஏறத் தோல் மெலிந்து காய்ந்திருக்கும், அதனால் இதைக் கூட்டக் கூடாது, குறைவாகத்தான் தொடங்க வேண்டுமாம். முகம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பட்டாணிதானாம். மூன்று நான்கு மாதம் பொறுமையாகப் போட்டால்தான் ஏதாவது தெரியுமாம், ஆறு வாரத்தில் ஒன்றும் நடக்காதாம். மஞ்சளையும் கடலைமாவையும் நிறுத்திவிட்டு, புண் முழுக்க ஆறிய பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னார். சன்ஸ்கிரீன் இல்லாமல் இதைத் தொடவே கூடாது என்றார். அப்படியே இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்ததும் பக்கத்தில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார். இரண்டு டீ சொன்னார். நான் டீயைத் தொடவில்லை.

"யாருங்க சொன்னது?"

"அத்ததான்."

"எந்த அத்த?"

"எனக்கு எத்தினி அத்த? ஒங்கம்மாதான்."

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் என் அம்மா தனியாகப் பேருந்து பிடித்து, இவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த வயலுக்கே போயிருக்கிறாள். பெரியவர்களிடம் மறைத்துவிட்டேன், கட்டிக்கொள்கிறவனிடம் மறைக்க மனசு வரவில்லை, பெண் ஒரு வயது மூத்தவள், வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு தம்பி என்று கேட்டிருக்கிறாள். இவர், "ஒரு வயசுதானுங்களே" என்றிருக்கிறார். போகும்போது அவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அவள் உன் முன்னால் குறுகிப்போவாள் என்று.

எனக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. அம்மா செத்துப்போய்விட்டாள். எதிரே இருக்கிற ஆள் டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். அவள் அவரை ஏமாற்றவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். அப்படியென்றால் அவள் ஏமாற்றியது என்னை மட்டும்தானா என்ற வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம்.

"முப்பத்தாறு வருசங்க! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்பிடி மூஞ்சியப் பொசுக்கிக்கிட்டு நிப்பனா?"

"நீயே சொல்லுவன்னு இருந்தன். அப்புறம் நாளாயிருச்சி. இனிமே என்னாத்துக்குன்னு வுட்டுட்டன். இன்னிக்கி மருந்து விசயம், டாக்டருகிட்ட பொய்யா சொல்றது?" டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அந்தக் கிரீம எதுக்கோசரம் போட்ட?" என்றார்.

"ஒங்க பக்கத்துல கெழவியா நிக்கக் கூடாதுன்னு."

"கெழவிதானமே நீ" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

அதற்கப்புறம் நான்தான் பேசினேன். நாற்பத்தெட்டில் தீட்டு நின்றுபோனது, இளையவளுக்கு இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து இரண்டு வருடம் அவரிடம் சொல்லாமல் இருந்தேன். பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரியாமல் கண்ணாடி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவராமல் மையத்திலேயே வைத்துப் படித்தேன். ஒருநாளும் அவருக்கு முன்னால் நான் களைத்து உட்கார்ந்ததில்லை. அவரைவிட இளையவளாயிற்றே, எப்படி உட்கார்வது? சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவும் செய்தது நானா?

"வேற என்னா மறச்ச?" என்றார்.

"முட்டி வலி."

"எத்தினி நாளா?"

"ஆறு வருசமா."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். தினமும் விடியலில் எங்கள் தோட்டத்தில் பூ எடுப்பது நாங்கள் இருவரும்தான். சாமந்தி இடுப்புக்குக் கீழே வரிசை வரிசையாக நிற்கிற செடி. குனிந்தும் உட்கார்ந்தும் எழுந்தும்தான் பறிக்க வேண்டும். அவர் நாலு சால் முடிப்பதற்குள் நான் ஐந்து சால் முடித்து நிற்பேன்.

"ஆறு வருசமா எங்கூடப் பூவெடுக்க வந்தியேமே" என்றார். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு எழுந்து டீக்குக் காசு கொடுத்துவிட்டு, வண்டியை வீட்டுக்கு விட்டார்.

மறுநாள் விடியலில் அவர் எழுந்தார். கூடையை எடுக்கிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை. பிறகு வண்டி கிளம்பிப் போனது. எனக்கு நன்றாக விழிப்புத் தட்டியிருந்தது. எழுந்திருக்கவில்லை.