சிவப்புத் துணி கட்டிய தட்டு

அன்று விடத்தல்தீவில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: சிவப்புத் துணி கட்டிய தட்டில் இருந்த கருவாடுதான் நான்கிலும் எனக்கு மிகவும் பிடித்தது.

கடந்த ஆவணியில், வேலையாக மன்னாருக்குப் போனபோது ஒரு சனிக்கிழமை மிஞ்சியது. விடத்தல்தீவில் மீனவப் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து கருவாடு போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். காலை 7.10க்கு மன்னார் நகரிலிருந்து பேருந்து. ஏறக்குறைய 25 கிலோமீற்றர், முக்கால் மணி நேரம், 130 ரூபா.

பக்கத்தில் இருந்தவர் மடியில் உப்புப் பை வைத்திருந்தார். பெயர் ஜெசிந்தா. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, மூன்று வருடங்களுக்கு முன் ஊர் திரும்பியவர். இதுவரை மற்றவர்களின் வலையில் மீன் கழற்றும் கூலி வேலை. குழுவில் சேர, அவர் போட்ட கருவாடு அன்று தேற வேண்டும்.

“மஞ்சத் துணி கட்டின தட்டு என்னுதுங்க,” என்றார். “தேறிட்டா கூலிக்குப் போக வேணாம்.”

சந்தியில் இறங்கி ஒரே ஓட்டோவில் கரைக்குப் போனோம். 300 ரூபா, ஆளுக்குப் பாதி.

இடுப்பளவு உயரத்தில் வரிசையாக நான்கு தட்டுகள், ஒவ்வொன்றிலும் வேறு நிறத் துணி, மேலே காகத்துக்கு வலை. முன்பு தனித்தனியாக, வியாபாரி சொன்ன விலைக்கு விற்றவர்கள் இவர்கள். இப்போது ஒரே பொதியில் போவதால், ஒருத்தியின் கருவாடு சரியில்லாவிட்டால் எல்லோருக்கும் கெட்ட பெயர். அதனால் பொதி கட்டுமுன் ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டைச் சுட்டு வெளியாள் ஒருவருக்குக் கொடுப்பார்கள்.

“ஆர் போட்ட கருவாடு எண்டு தெரியாத வாய் வேணும்,” என்றார் தலைவி திரேசம்மா. “நல்ல நேரம் வந்தனீங்கள் பிள்ளை. முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

எனக்குத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கும் கட்டா மீன் கருவாடுதான். மஞ்சள் கொஞ்சம் கரித்தது. சிவப்பு, சோறு இல்லாமலே தின்னலாம் போல் இருந்தது. “மஞ்சள்தான் நல்லம்,” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “சிவப்புக்கு உப்புக் காணாது.”

பெண்கள் சிரித்தார்கள்.

“மஞ்சள் என்ரை,” என்றார் திரேசம்மா. “ஒரே ஓட்டோவில வந்து இறங்கின ரெண்டு பேர் கதைக்காமலா வந்திருப்பியள்? நீங்கள் தேத்தண்ணி குடிக்கேக்க துணியை மாத்திப்போட்டம்.”

“அப்ப சிவப்பு?”

“இந்தியாக்காரியின்ரை. உப்பில ஊறினதைக் கடல் தண்ணியில அலசித்தான் காயவைப்பாள். நாங்கள் அலசுறேல்லை.”

ஜெசிந்தா சிவப்புத் துணி கட்டிய தன் தட்டின் மேல் வலையை இழுத்து மூடினார். அந்த வாரப் பொதியில் அவருடையது சேரவில்லை. நான் அரைக் கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு பதினொரு மணிப் பேருந்தில் திரும்பினேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. ஞாயிறு வேண்டாம், எல்லோரும் கோயிலில் இருப்பார்கள். படம் எடுக்கக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்; கேளாமல் எடுக்காதீர்கள். சுவைக்கச் சொன்னால் நாக்குச் சொல்வதை மட்டும் சொல்லுங்கள்.

மறுநாள் திரேசம்மாவுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். “ஓம், சிவப்பில நீங்கள் ரெண்டாந்தரமும் எடுத்துத் திண்டனீங்கள், பாத்தனான்,” என்றார். “எண்டாலும் சொன்னது சொன்னதுதான். அடுத்த கிழமை பாப்பம்.”

அடுத்த சனிக்கிழமை ஓட்டோக்காரர் சுவைத்தார். ஜெசிந்தாவின் கருவாடு தேறிக் கொழும்புக்குப் போனது. அவருடைய தட்டில் இப்போதும் சிவப்புத் துணிதான்.